புகை கேட்கப் போன பக்ருதீன்

புகை குறைய வேண்டும் என்று மனு கொடுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்களுக்கு இன்னும் கொஞ்சம் புகை வேண்டும் என்று மனு கொடுக்கச் சென்னைக்கு அலைந்தவர், எனக்குத் தெரிந்து, எங்கள் தெருவில் மட்டும்தான் இருக்கிறார். பெயர் பக்ருதீன். பள்ளிபாளையத்தில், காவிரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வீட்டின் பின்சுவரோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன சாயப்பட்டறை வைத்திருக்கிறார். லுங்கி நூலுக்குச் சாயம் ஏற்றுவது தொழில். எங்கள் வீடு எதிர்வீடு. பட்டறைச் சுவரில் ஒரு வருடம் நீலம் படிந்திருக்கும், ஒரு வருடம் பச்சை. எந்த நிற லுங்கி ஓடுகிறது என்று கடைக்குப் போகாமலே சொல்லிவிடலாம்.

அறுபதை நெருங்குகிற ஆள். சிலருக்குக் களைத்த முகம் பிறவியிலேயே அமைந்துவிடும். இவருக்கு அது சங்கத் தலைவரான பிறகு வந்தது. சிறு சாயப்பட்டறைக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்குத் தேர்தல் என்று எதுவும் நடந்ததில்லை. ஒரு கூட்டத்தில் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். பக்ருதீன் பாய் மட்டும் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். கடைசி வரை உட்கார்ந்திருந்த ஒரே உறுப்பினர் என்பதால் தலைவராக்கிவிட்டார்கள். எழுந்தபோது மாலை கழுத்தில் இருந்தது.

சாயத்துக்கு நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர், பாய்லருக்கு விறகு. காய்ந்த விறகு கட்டுபடியாகாது. அதனால் ஈர விறகும், திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்டும் உள்ளே போகும். குழாய் வழியாக வெளியே வருவது எருமை நிறத்தில் வரும். எங்கள் தெருவில் வெள்ளைச் சட்டை காயப்போடுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று அர்த்தம்.

ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் வானம் நீலமாக இருக்கும். அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்புகிற எந்த வண்டியும் மோகன்குமாரின் டீக்கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். அவன் அப்பா காலத்தில் ஜீப்பைப் பார்த்ததும் கடை வாசலில் சிவப்புத் துண்டு தொங்கும். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி: ‘மாப்பிள்ளை வர்றாரு.’ அவ்வளவுதான். தெரு முழுக்க டேம்பரைச் சாத்தும் சத்தம் தடதடவென்று கேட்கும். டேம்பர் என்பது பாய்லரின் காற்றுக் கதவு. அதைச் சாத்தினால் தீ அடங்கும். பனியன் வேஸ்டைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, இதற்கென்றே எடுத்து வைத்த காய்ந்த கொட்டாங்குச்சியை உள்ளே போடுவார்கள். அதிகாரி அண்ணாந்து பார்ப்பார். ஒரு டீ குடிப்பார். போய்விடுவார்.

மாப்பிள்ளை வராத நாளிலும் அந்த வரி குரூப்பில் வந்து விழுவது உண்டு. டீ ஆற்றும்போது மோகன்குமார் போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிடுவான். எவனோ எடுத்துத் தட்டிவிடுவான். தெருவே பதறி டேம்பரைச் சாத்தும். அரைமணி நேரம் கழித்து, ஜீப் வரவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் அந்த எவனோவின் வம்சத்தையே திட்டுவார்கள். அது யார் என்று தெருவில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம் சரிதான் என்பதால் நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பாயின் மனைவி வஹீதுன்னிசாவுக்கு இழுப்பு. வீட்டுப் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பட்டறைக் குழாய்தான் முகத்துக்கு நேரே நிற்கும். இடுப்பில் சாவிக்கொத்தோடு இன்ஹேலரையும் செருகி வைத்திருப்பார். கடைக்குப் போனால் சில்லறைக்குப் பதிலாக அதை எடுத்து நீட்டிவிட்டு, தானே சிரித்து, சிரித்ததால் இழுப்பு வந்து, அதே இன்ஹேலரை வாயில் வைத்துக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புகைச் சீட்டு வந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு விளக்கினார்கள். இனிமேல் ஒவ்வொரு குழாயும் மாதத்துக்கு இவ்வளவு புகைதான் விடலாம் என்று ஒரு உரிமம். அதைவிடக் குறைவாக விட்டால் மிச்ச உரிமத்தை மற்றவருக்கு விற்கலாம். அதிகம் விடுகிறவர் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க முடியாதவர் அடுப்பை அணைக்க வேண்டும். எங்கள் பகுதியில் முதலில் சோதித்துப் பார்ப்பார்கள், பிறகு மற்ற ஊர்களுக்கு. யாருக்கு எவ்வளவு சீட்டு என்பதை முடிவுசெய்ய, குழாய்க்குக் குழாய் ஒரு பெட்டி மாட்டி இரண்டு வாரம் அளப்பார்கள். இதைச் சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அளக்க வருகிறார்கள் என்றால் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பாய் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கினார். “ரெண்டு வாரம் பொறுத்துக்கங்கப்பா. பனியன் வேஸ்ட் வேண்டாம். தீயக் குறைச்சு வெய்ங்க. நம்ம பேரு கெடாம பாத்துக்கணும்.” லோடுக்கணக்கில் கொட்டாங்குச்சி வந்து இறங்கியது. இரண்டு வாரமும் மாப்பிள்ளை உள்ளேயே தங்கியிருக்கிற மாதிரி தெரு பதவிசாக இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய மில் மட்டும் எப்போதும் போல, எப்போதையும்விடக் கொஞ்சம் கூடுதலாக, இரவும் பகலும் ஊதித் தள்ளியது. “அறிவு கெட்டவனுக, அளக்கற நேரத்துல இப்படியா உடுவானுக?” என்று தெருவே சிரித்தது.

சீட்டு வந்ததும் சிரிப்பு நின்றது. அளந்தபோது விட்ட புகை எவ்வளவோ, அதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் உரிமம். பெரிய மில்லுக்கு மலை மாதிரி வந்தது. எங்கள் தெருவுக்கு மாதத்தில் பாதி நாள் பாய்லர் ஓட்டக்கூடக் காணாது. மீதி நாளுக்கு வேண்டுமென்றால் பெரிய மில்லிடமே வாங்கிக்கொள்ளலாம்.

பாயின் பட்டறைக்குப் பக்கத்துப் பட்டறை காளியண்ணனுடையது. தெருவில் பாய்க்கு மேற்குக் கோடி, காளியண்ணனுக்கு அதற்குக் கிழக்கே. சத்தமாகப் பேசுகிற மனிதர். “ஏனுங்க பாய், நல்ல புள்ளையாட்டம் இருன்னு சொன்னீங்க. இருந்தோம். இப்ப நல்ல புள்ளைக்குப் பாதி வயித்துக்குத்தான் சோறுன்னு சொல்றானுகளே, இது எந்த ஊரு நாயமுங்க?”

“போயிக் கேக்கறேன் காளியண்ணா.”

“என்னன்னு கேப்பீங்க?”

பாய்க்கு அது தெரியாது. ஆனாலும் போனார். வெள்ளைச் சட்டையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, ஈரோட்டில் ரயில் ஏறி, சென்னையில் இறங்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு, அந்த அதிகாரிகளின் தலைமை ஆபீஸ் வராந்தாவில் உட்காருவார். கூப்பிடுகிற நேரத்துக்குத் தூங்கியிருப்பார். உடன் போகும் காளியண்ணன் விலாவில் இடித்து எழுப்புவார். முதல் தடவை, சின்னத் தொழில், கருணை காட்டுங்க என்று கேட்டார். அடுத்த தடவை, தொழிலாளர் குடும்பங்கள் என்றார். பிறகு, பெரியவங்களுக்குக் கொஞ்சம் குறைச்சு எங்களுக்குக் கொஞ்சம் என்றார். எல்லாத் தடவையும் பெரிய மில் சார்பில் ஓர் ஆலோசகன் மடிக்கணினியோடு வந்திருந்தான். மிகவும் மரியாதையான பையன். பாய்க்குத் தன் நாற்காலியையே எழுந்து கொடுத்தான். அதே மரியாதையோடு, திரையில் படம் படமாகக் காட்டி, புகையை எல்லாம் எடுத்துக்கொண்டு போனான்.

அங்கே அதிகாரி ஒரு பெண், அறிவுச்செல்வி. கடுமையானவர் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பார்: “உங்க குழாய், உங்க புகை. எங்க பெட்டி அளந்ததுல என்ன தப்புன்னு சொல்லுங்க?”

பாய் அடுத்த ரயிலைப் பிடிப்பார். ஊருக்கு வந்து, சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அது கருப்பாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பாய்க்கு ஒரே மகள், அஸ்பியா. இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. ஜெனீவா பக்கத்தில் பூமிக்கு அடியில் வட்டமாக ஒரு பெரிய சுரங்கம் இருக்கிறதாம். அதற்குள் இரண்டு பக்கமிருந்தும் அணுவைவிடச் சின்னத் துகள்களை விரட்டிவிட்டு மோத விடுவார்கள். ஈரோடு பஸ் ஸ்டாண்டு வாசலில் தினமும் நடப்பதுதான், இவர்கள் வேகம் கொஞ்சம் அதிகம். மோதும்போது இதுவரை யாரும் பார்க்காத ஏதாவது ஒன்று தெறித்து வருமா என்று பார்க்கிறார்கள். அஸ்பியா தேடுவது ஒற்றை முனைக் காந்தம். எந்தக் காந்தத்துக்கும் இரண்டு முனை. இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி இரண்டு முனை வந்துவிடும். நான் பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டவன் என்பதால் இதை வாய்வார்த்தையாக நம்பவில்லை, உடைத்துப் பார்த்தேன். அஸ்பியா சொன்னது சரி. ஸ்பீக்கர்தான் போயிற்று. ஒரே ஒரு முனை மட்டும் உள்ள துகள் ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று கணக்கு சொல்கிறதாம். கணக்கு சொல்கிறது, கண்ணில்தான் படவில்லை.

தேடுகிற விதம் கேட்டபோது பாய் விழுந்து விழுந்து சிரித்தார். மோதல் நடக்கிற இடத்தைச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாள்களை அடுக்கி வைத்துவிடுவார்கள். அந்தத் துகள் கடந்து போயிருந்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாத தழும்பு விழும். பல மாதம் கழித்துத் தாளைக் கழற்றிக்கொண்டு வந்து, சூடான காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பார்கள். தழும்பு இருந்த இடம் அரித்து, சின்னக் குழியாகும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அஸ்பியா வேலை.

“காஸ்டிக் சோடாவா? அதுக்கா கண்ணு அவ்வளவு தூரம் போனே? நம்ம பட்டறைல டிரம்மு டிரம்மா இருக்குதே!”

“அதான் அத்தா, லேபுக்குள்ள போனா நம்ம ஊட்டு வாசனை அடிக்குது.”

பாய் அதற்கு மேல் சிரிக்கவில்லை. “கையில படாம பாத்துக்க” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணிக்குப் பிறகு, வீடியோ காலில் வருவாள். இத்தாலி தூரம் என்பதால் பாய் சத்தமாகப் பேசுவார், தெருவுக்கே கேட்கும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“கிடைச்சிருச்சா?”

“இல்லத்தா.”

“போன வாரமும் இதத்தான் சொன்னே.”

“அடுத்த வாரமும் இதத்தான் சொல்லுவேன். சாப்டீங்களா?”

தெருவில் மற்றப் பெண்களைக் கேட்கிற கேள்வியை அஸ்பியாவிடம் யாரும் கேட்பதில்லை என்பது இதில் ஒரு லாபம். கல்யாணம் எப்போ என்ற இடத்தில் கிடைச்சிருச்சா என்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

சென்னையிலிருந்து நான்காவது தடவையும் வெறுங்கையோடு திரும்பிய வாரம், பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, பேச்சை வளர்க்க இன்னொன்றும் கேட்டார். “ஒரு குழிகூடவா கண்ணு தெரியல?”

“குழி தெரியுதுத்தா. ஆனா அது வேற குழி.”

“வேறன்னு எப்படிச் சொல்றே?”

“ஒரு தாள மட்டும் சுரங்கத்துக்குள்ள கொண்டுபோகாம வெளியவே வெச்சிருப்போம். அதுலயும் அந்த மாதிரி குழி வருது. காத்துல, வெயில்ல, தானா விழறது. சும்மா இருந்தா எவ்வளவு விழும்னு தெரிஞ்சாத்தான, புதுசா விழுந்தது எதுன்னு சொல்ல முடியும்? சும்மா வெச்ச தாள எவனாச்சும் பாக்க அழகா இருக்கட்டும்னு தொடச்சு வெச்சுட்டான்னு வெய்ங்க, மொத்தக் கணக்கும் போச்சு.”

பாய் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“அத்தா? லைன்ல இருக்கீங்களா?”

“நாங்க தொடச்சு வெச்சுட்டோம் கண்ணு” என்றார் பாய்.

அவர் குரல் முதல்முறையாகத் தெருவுக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியது. நான் ஜன்னலுக்கு வர வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்துக் கொட்டாங்குச்சிக் கதையை மகளிடம் முழுதாகச் சொன்னார். கடைசியில், “இத அந்த மேடம்கிட்டச் சொன்னீங்களா?” என்றாள்.

“சொன்னா உள்ள வெச்சிருவாங்க.”

“சொல்லாட்டிப் பட்டறைய மூடிருவீங்க.”

வஹீதுன்னிசா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். “இவரு பேசுனா பேசிக்கிட்டே இருப்பாரு. நீ எளச்சிட்டியேடி.”

“மூச்சு எப்படிம்மா இருக்குது?”

“அந்த அளவெடுத்த ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு. படுத்ததும் தூங்குனேன். இந்த இன்ஹேலர என் இடுப்புல இருந்தே எடுக்கல, பாத்துக்க. அப்புறம் பழைய கதைதான்.” சொல்லிவிட்டு ஊறுகாய் அனுப்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாய் கை கழுவப் போனவர், கழுவிய கையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

காளியண்ணனிடம் சொன்னபோது அவர் குதித்தார். “பாய்! நாமளே போயி, ஏமாத்துனோம்னு ஒத்துக்கறதா? ஊரு சிரிக்குமுங்க!”

“ஊரு ஏற்கனவே சிரிச்சிருச்சு காளியண்ணா. அந்த மில்லு சிரிச்ச சிரிப்பு உனக்குக் கேக்கலியா?”

ஐந்தாவது தடவை போனார்கள். நடந்ததை இருவரும் தனித்தனியாக டீக்கடையில் சொன்னார்கள். காளியண்ணன் சொன்னதில் பாய் ஒரு வக்கீல் மாதிரிப் பேசினார். பாய் சொன்னதில் இரண்டு வாக்கியம்தான் பேசினார். நான் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்கிறேன்.

அதே அறை, அதே ஏசி, அதே மரியாதையான ஆலோசகன். அறிவுச்செல்வி அதே கேள்வியைக் கேட்டார். பாய் எழுந்து நின்றுகொண்டார்.

“உங்க பெட்டி மேல தப்பில்லைங்க மேடம். நாங்கதான் ரெண்டு வாரமும் தீயக் குறைச்சு வெச்சிருந்தோம். நான்தான் சொன்னேன்.”

“ஏன்?”

“நீங்க வர்றீங்கன்னாவே அப்படித்தானுங்க செய்வோம். பழக்கம்.”

“எத்தனை வருஷமா?”

“எங்க அத்தா காலத்துல இருந்துங்க.”

காளியண்ணன் சங்கடம் வந்தால் மேலே ஃபேனைப் பார்ப்பவர். ஏசி அறையில் ஃபேன் இல்லாததால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆலோசகனைப் பார்த்தார். அவன் மடிக்கணினியை மூடிவிட்டு, கதை கேட்கிற குழந்தை மாதிரிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தான்.

“இத்தனை வருஷம் ஏமாத்தினதா நீங்களே சொல்றீங்க. இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு நான் எப்படி நம்பறது?”

“நம்ப வேண்டாங்க. வந்து அளங்க. சொல்லாம வாங்க.”

“சொல்லாம வந்தா மட்டும்? தெரு முனையில ஆள் வெச்சிருப்பீங்களே?”

“டீக்கடைங்க” என்றார் பாய். “அவங்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

அறிவுச்செல்வியின் முகத்தில் சிரிப்பு வந்து, வேலை நேரம் என்பதால் திரும்பிப் போனது. ஒரு வாரம் மறுபடி அளக்கலாம், முன்னறிவிப்பு கிடையாது, அதில் வருவதுதான் கடைசி அளவு என்றார். “இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. நிஜ அளவு வந்தா சீட்டு கூடும். ஆனா வருஷா வருஷம் அதையும் குறைச்சுக்கிட்டே வருவோம். இனிமே கொட்டாங்குச்சி மூட்டையால ஒண்ணும் ஆகாது.”

ரயிலில் ஏறியதும் பாய் தூங்கினார். ஈரோடு வந்தும் எழவில்லை. காளியண்ணன் வழக்கமான இடத்தில் இடித்தார்.

தெரு அவரைப் பாராட்டவில்லை. மாப்பிள்ளை ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று மோகன்குமார் இரண்டு நாள் அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ கொடுத்தான். பாய் அதையும் குடித்தார். அவருக்கு இருந்த அலுப்பில் சர்க்கரை இல்லாதது தெரிந்திருக்காது. ஒவ்வொரு பட்டறையாக மறுபடி ஏறி இறங்கினார். இந்தத் தடவை சொன்னது நேர்மாறு: “யாரு வந்தாலும் கைய மாத்தாதீங்க. எப்பவும் போல எரிங்க. அந்த வரிய எவனும் குரூப்புல போடக் கூடாது.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது எங்கள் வீட்டைப் பார்த்தார்.

ஜீப் ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. மோகன்குமார் அதைப் பார்த்ததும், மூளைக்கு முன்னால் விரல் வேலை செய்துவிட்டது. மாப்பிள்ளை வர்றாரு. தெருவுக்கும் மூளை பிறகுதான் வந்தது. தடதடவென்று அத்தனை டேம்பரும் விழுந்தன. புகை நின்றது. வானம் நீலமானது.

பாய் லுங்கியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். “தொறங்கடா! டேம்பரத் தொறங்கடா! எல்லாப் பயலும் புகைய உடுங்கடா!” ஜீப் அவருக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு வரவேற்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு குழாயாக இருமி, கனைத்து, மறுபடி எருமை நிறத்தில் ஊத ஆரம்பித்தது. காளியண்ணன் தன் பட்டறை வாசலில் நின்று, பட்டாசு விடுகிறவர் மாதிரி அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

கடைசியாகப் பாய் தன் பட்டறைக்குள் வந்தார். பாய்லருக்கு விறகு தள்ளுவது சின்னாயி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான் வேலை. அவரும் பழக்க தோஷத்தில் டேம்பரைச் சாத்தியிருந்தார். அப்புறம் நடந்தது சின்னாயி என் அம்மாவிடம் சொன்னது.

“ஏனுங்க பாய், தொறக்கட்டுங்களா?”

பாய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. புகை வரப்போகிறது என்று ஜன்னலை அடைக்கிற சத்தமும், நடுவே இருமலும் கேட்டது. மறுபடி இருமல். பிறகு இன்ஹேலரை அழுத்துகிற சின்னச் சத்தம்.

“இருக்கட்டும் சின்னாயி.”

“எல்லாரும் தொறந்துட்டாங்களே. ஜீப்பு வெளிய நிக்குதுங்க.”

“இருக்கட்டுங்கறன்ல. அந்தக் கொட்டாங்குச்சியவே போடு.”

அன்றைக்கு மட்டும் இல்லை, வாரம் முழுக்க அப்படித்தான். தெருவில் எல்லாக் குழாயும் உள்ளதை உள்ளபடி ஊத, மேற்குக் கோடியில் பாயின் குழாய் மட்டும் பீடி பிடிக்கிறவர் மாதிரி மெல்லிசாக ஊதியது. காளியண்ணன் நடுவாரத்தில் கவனித்துவிட்டு வந்தார்.

“பாய், என்னங்க உங்க குழாய்ல ஒண்ணையும் காணோம்?”

“டேம்பர் சிக்கிக்கிச்சு.”

“வாரம் பூராவா?”

“சிக்குனா சிக்குனதுதான் காளியண்ணா. உடு.”

காளியண்ணன் அண்ணாந்து குழாயைப் பார்த்தார். படுக்கையறை ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்.

புதுச் சீட்டு வந்தது. எல்லாப் பட்டறைக்கும் ஏறக்குறைய மாதம் முழுக்க ஓட்டுகிற அளவுக்கு வந்தது. பாய்க்கு மட்டும் பழையதுதான், அதிலும் கொஞ்சம் குறைந்து. ஊருக்கெல்லாம் புகை வாங்கிக் கொடுத்தவருக்குப் புகை இல்லை. அவர் அதை யாரிடமும் பெரிதாகப் பேசவில்லை. தன் சீட்டைக் காளியண்ணனுக்கு மாற்றிக்கொடுத்தார், பாய்லரை அணைத்தார். தன் நூலை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்க் காளியண்ணன் பட்டறையிலேயே சாயம் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. சின்னாயியும் அங்கே போய்விட்டார். சின்னாயிக்கும் வேலை வேண்டுமே என்பதை ஏற்பாட்டில் முதலில் சேர்த்துப் பேசினாராம். ஈர நூல் கட்டு கனக்கும். மொபெட் ஆடும். பாய் அதைத் தள்ளிக்கொண்டு தெருவில் போகும்போது, பட்டறையை மூடியவருக்கு வேலை குறைந்த மாதிரித் தெரியாது.

மொத்தப் புகை அதேதான், அது குழாய் மாறியிருக்கிறது. ஆடிக்காற்றில் காளியண்ணன் குழாய்ப் புகை கிழக்கே வயல் பக்கம் போனது. வஹீதுன்னிசா அந்த மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்கினார். “டேம்பர் சிக்குனதும் நல்லதுக்குத்தான்” என்று என் அம்மாவிடம் சொன்னார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அஸ்பியாவின் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமை.

“கிடைச்சிருச்சா?”

“இல்லத்தா. இல்லைன்னு எழுதியிருக்கோம்.”

“இல்லைங்கறதையா அச்சுப் போட்டிருக்காங்க?”

“இந்த அளவுக்குள்ள தேடுனோம், இல்ல. இனிமே தேடறவங்க இங்க தேட வேண்டாம். அதுவும் ஒரு பதில்தானத்தா.”

“சரி. திரும்பத் தேடுவியா?”

“தேடுவேன். வேற தாள் வெச்சிருக்காங்க.”

“தேடு. காஸ்டிக்கு கையில படாம பாத்துக்க.”

ஐப்பசியில் காற்று திரும்பியது. கிழக்கிலிருந்து காளியண்ணன் குழாய்ப் புகை, வயலை விட்டுவிட்டு, நேராகப் பாய் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் பாய் நூல் கட்டைச் சேர்த்துவிட்டு வந்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். உள்ளே வஹீதுன்னிசாவுக்கு இருமல் ஆரம்பித்திருந்தது. ஒரு இருமல், கொஞ்சம் நின்று, இன்னொன்று, பிறகு நிற்காமல்.

கூப்பிடு தூரத்தில், தெரு முனையில் மோகன்குமார் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். போன் கல்லாப்பெட்டி மேல் இருந்தது.

மாப்பிள்ளை வர்றாரு.

தடதடவென்று டேம்பர்கள் விழுந்தன. பாயின் மடியில் போன் சிணுங்கியது. அவர் ஒரு கண்ணைத் திறந்து அதைப் படித்தார். ரோட்டைப் பார்த்தார். ஜீப் இல்லை. டீக்கடையைப் பார்த்தார், அங்கே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஆளைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பின்னால் படுக்கையறை ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.